கை ஒன்று, கையெழுத்து வேறு!

மன்னருக்கென்று ஒரு மாளிகை, இலண்டன் மாநகரின் நடுவே. அறைகள் மட்டும் 775. வாயிலிலே காவலர் மாறும் காட்சியைக் காணக் கடல் கடந்து வருவோர் கணக்கிலர். பக்கிங்காம் அரண்மனை என்றால் பள்ளிச் சிறுவனும் அறிவான்.

அதே நாட்டின் வடகிழக்குக் கரையிலே ஓர் ஊர், ஹார்ட்டில்பூல். ஒரு காலத்தில் கப்பல் கட்டினர், எஃகு உருக்கினர். கப்பல் தொழில் போயிற்று, உலை அணைந்தது, ஊர் மட்டும் நிற்கிறது. சுவரோடு சுவர் ஒட்டி வரிசை வரிசையாய் உழைப்பாளர் வீடுகள். அவற்றினிடையே, சற்று வசதி கண்டவர் கட்டிய நடுத்தர வீடுகள்.

அரண்மனைக்கும் வீட்டுவரி உண்டு, அந்த நடுத்தர வீட்டுக்கும் உண்டு. எது கூடுதல் என்று கேட்டால், இதென்ன கேள்வி என்பீர்கள். கணக்கைக் கேளுங்கள், தோழர்களே! அரண்மனை இருக்கும் பகுதிக்கு வெஸ்ட்மின்ஸ்டர் நகர மன்றம். அந்த மன்றம் 2024-25ஆம் ஆண்டில், தன் எல்லையிலுள்ள மிக உயர்ந்த வகுப்பு வீட்டுக்கு விதித்த ஆண்டு வரி 2,000 பவுண்டுக்கும் குறைவு. அரண்மனையும் அந்த வகுப்பிலேதான் அடங்கும். அதே ஆண்டில் ஹார்ட்டில்பூலின் நடுத்தர வீட்டுக்கு வந்த சீட்டிலோ 2,000 பவுண்டுக்கும் மேல்!

அச்சுப் பிழையல்ல. கணக்கன் தவறும் அல்ல. சட்டப்படி, முறைப்படி, ஆண்டு தவறாமல் நடக்கிறது. மக்களாட்சியின் தாயகம் என்று நமக்குப் பாடம் சொல்லித் தந்த நாட்டிலே நடக்கிறது.

இந்த அநீதிக்கு அரண்மனைக்காரரை ஏசிப் பயனில்லை. ஹார்ட்டில்பூல் மன்றத்தாரை ஏசுவதிலும் பொருளில்லை. வரிச்சீட்டிலே கையெழுத்து அவர்களுடையது. கை வேறிடத்தில் இருக்கிறது. அந்தக் கை எது என்று காட்டவே இக்கட்டுரை.

கவுன்சில் வரி என்பது அங்குள்ள வீட்டுவரியின் பெயர். 1993 ஏப்ரலில் பிறந்தது. வீட்டின் விலையைக் கொண்டு, 'ஏ' முதல் 'எச்' வரை எட்டு வகுப்புகள். இன்றைய விலையா? இல்லை; 1991ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் அந்த வீட்டை விற்றிருந்தால் என்ன விலை போயிருக்குமோ அந்த விலை! நேற்றுப் பூச்சு உலர்ந்த வீட்டுக்கும், 1991இல் இது இருந்திருந்தால் என்ன பெறும் என்று கற்பனை செய்து வகுப்பு ஒதுக்குகிறார்கள். பழைய பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்று அமாவாசையா என்று பார்ப்பவரைக் கண்டால் நாம் நகைப்போம். இங்கிலாந்தின் நிதியமைச்சர்கள், கட்சி மாறி ஆட்சி மாறி வந்தவர்கள் அனைவரும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பஞ்சாங்கத்தைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். எந்த ஊரில் விலை ஏறிற்று, எந்த ஊரில் தேங்கிற்று என்பதெல்லாம் அதில் இல்லை. இலண்டனில் விலை விண்ணை முட்டியது. வடக்கே பல ஊர்களில் மெல்ல நகர்ந்தது. வரிக்கணக்கோ அசையவில்லை.

வகுப்பு பிரித்த வகையும் பாருங்கள். 1991 விலையில் 40,000 பவுண்டு வரை 'ஏ'. 3,20,000 பவுண்டைத் தாண்டினால் 'எச்'. அதற்கு மேல் எத்தனை இலட்சமாயினும், எத்தனை கோடியாயினும் அதே 'எச்'தான். 'ஏ' வீட்டுக்கு ஒரு மடங்கு வரி என்றால் 'எச்' வீட்டுக்கு மூன்று மடங்கு, அவ்வளவே. எட்டு மடங்கு, எண்பது மடங்கு விலைபெறும் மாளிகைக்கும் மூன்றே மடங்கு! ஏழைக்கு எல்லை வகுத்த சட்டம் செல்வனுக்கு உச்சவரம்பு வகுத்தது. அவன் நிலத்துக்கல்ல, அவன் தரவேண்டிய வரிக்கு.

திருத்த முடியாதா? வேல்ஸ் திருத்திற்று. 2003ஆம் ஆண்டு விலையை அடிப்படையாக்கி, 2005இல் ஒன்பதாவது வகுப்பொன்றையும் சேர்த்தது. வானம் இடிந்து விழவில்லை. இங்கிலாந்தோ 2007இல் திருத்துவோம் என்று சொல்லி, 2005இலேயே பின்வாங்கிவிட்டது. அச்சம்! அந்த அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

கவுன்சில் வரிக்கு முன் இருந்தது தலைவரி. சமூகக் கட்டணம் என்று அழகான பெயர் சூட்டினார் தாட்சர் அம்மையார். மக்கள் அதைத் தலைவரி என்றே அழைத்தனர். 1989இல் ஸ்காட்லாந்தில், 1990இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும். வீட்டுக்கு வரி என்பதை மாற்றி, ஆளுக்கு வரி என்றார். பிரபு கொடுக்கும் தொகையும் பிரபுவின் வீட்டுக் குப்பையை அள்ளுபவர் கொடுக்கும் தொகையும் ஒன்றே! வேலையற்றவரும் மாணவரும்கூட ஐந்தில் ஒரு பங்கு கட்டியாக வேண்டும். 1381இல் இதே தலைவரிக்காக ஆங்கில உழவர்கள் இலண்டனுக்குள் புகுந்த வரலாற்றை அம்மையார் படித்திருக்கவில்லை போலும்! 1990 மார்ச் 31 அன்று டிரபால்கர் சதுக்கம் கொதித்தது. இலட்சக்கணக்கானோர் கட்ட மறுத்தனர். அவ்வாண்டு நவம்பரில் அம்மையார் பதவி விலகினார். தலைவரி ஒன்றே காரணமன்று. ஆயினும் தலைவரியின்றி அந்தத் தலை சாய்ந்திராது.

அடுத்து நடந்ததுதான் நம் கதைக்குக் கரு. 1991இல் புதிய ஆட்சி, மதிப்புக் கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 17.5 விழுக்காடாக உயர்த்தி, அந்தப் பணத்தைக் கொண்டு தலைவரியில் ஆளுக்கு 140 பவுண்டு குறைத்தது. மக்கள் சினம் தணிந்தது. அதாவது, மத்திய அரசு மனம் வைத்தால் உள்ளூர் வரியை ஒரே நாளில் குறைக்கலாம். கை விரித்தால் ஒரே நாளில் ஏற்றலாம். உள்ளூர் வரியின் திறவுகோல் ஊர் மன்றத்தில் இல்லை என்பதை அவர்களே மெய்ப்பித்துக் காட்டினர்.

2010க்குப் பின் கை விரித்தார்கள். சிக்கனம் என்று அதற்குப் பெயர். இங்கிலாந்தின் மன்றங்களுக்கு மத்திய அரசு தந்த நிதி, 2010-11க்கும் 2017-18க்கும் இடையே, விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால் 49.1 விழுக்காடு குறைந்தது. பாதி! இதைச் சொன்னவர் எதிர்க்கட்சி மேடைப் பேச்சாளர் அல்லர். அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம், 2018இல்.

பணம் பாதியாயிற்று, கடமை பாதியாயிற்றா? அதுதான் இல்லை. பெற்றோரால் கைவிடப்பட்ட குழந்தையைக் காக்க வேண்டும், படுக்கையில் விழுந்த முதியவரைப் பராமரிக்க வேண்டும், வீடற்றவருக்குக் கூரை தேட வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் செய்து மன்றங்கள்மேல் வைத்திருக்கிறது. நல்ல சட்டங்கள், வேண்டிய சட்டங்கள். முதியோர் தொகை ஏறுகிறது, செலவும் ஏறுகிறது. கடமையை இறக்கி வைத்தவர்கள் பணத்தை மட்டும் இறக்கவில்லை. மன்றங்கள் எங்கே வெட்டும்? சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில்: நூலகத்தில், இளைஞர் மன்றத்தில், பூங்காவில், பேருந்துக்கு அளித்த உதவித்தொகையில். ஏழைப் பிள்ளை படிக்க வந்த நூலகத்துக்குப் பூட்டு. பூட்டிய கை ஊர் மன்றத்தின் கை. பூட்டை அனுப்பியவர் யாரென்று கதவிலே எழுதியிருக்கவில்லை.

இன்னொரு சூழ்ச்சியைப் பாருங்கள். வறியவர் வீட்டுவரி கட்ட உதவும் திட்டம் ஒன்று நாடு முழுமைக்கும் இருந்தது. 2013இல் அதை நீக்கி, "நீங்களே உங்கள் ஊருக்கேற்ற திட்டம் வகுத்துக் கொள்ளுங்கள்" என்று மன்றங்களிடம் ஒப்படைத்தார்கள். உள்ளாட்சி உரிமை! கேட்கவே இனிக்கிறது அல்லவா? ஒப்படைக்கும்போதே பணத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டார்கள். ஓய்வூதியர்க்கு உரியதில் குறைக்கலாகாது என்று ஆணையும் இட்டார்கள். எஞ்சியவர் யார்? உழைக்கும் வயதிலிருக்கும் ஏழை. அவர் தலையில்தான் அந்தக் குறைவு முழுதும் விழுந்தது. கட்டத் தவறினால் நீதிமன்றம், பறிமுதல் அலுவலர், மூன்று மாதம் வரை சிறை என்று சட்டத்தில் இடமுண்டு. 2019இல் வேல்ஸ் அந்தச் சிறைத் தண்டனையை ஒழித்தது. இங்கிலாந்து அன்று ஒழிக்கவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்களே, அதைச் சட்டமாக எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

"மன்றங்கள் தம் வரியை உயர்த்திக் கொள்ளட்டுமே, யார் தடுத்தார்?" என்று சிலர் கேட்பர். தடுத்தவர் மத்திய அரசுதான்! குறித்த விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தினால் ஊரிலே பொதுவாக்கெடுப்பு நடத்தி ஒப்புதல் பெறவேண்டும் என்று 2011ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2023-24 முதல், பராமரிப்புப் பொறுப்புள்ள மன்றங்களுக்கு வரம்பு 5 விழுக்காடு. அதிலும் 2 விழுக்காடு முதியோர், மாற்றுத்திறனாளிகள் பராமரிப்புக்கென்றே செலவாக வேண்டும். வரம்பு எதுவோ அதையே பெரும்பாலான மன்றங்கள் விதிக்கின்றன. இறைக்கும் கிணறும் வற்றிவிட்டது, கயிற்றின் நீளத்தையும் ஒருவர் அளந்து கொடுக்கிறார்!

வரம்பையே நீக்கிவிட்டால் நீதி வந்துவிடுமா? வராது. இதை நம் இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வடகிழக்கு இங்கிலாந்தில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் 'ஏ' வகுப்பு. செல்வர் வாழும் தெற்கு மாவட்டங்களிலோ மேல் வகுப்பு வீடுகள் மிகுதி. இருவரும் ஒரே விழுக்காடு உயர்த்தினால், தெற்கில் பணம் கொட்டுகிறது, வடக்கில் சொட்டுகிறது. உதவி தேவைப்படுவோரோ வடக்கில் மிகுதி. வெஸ்ட்மின்ஸ்டருக்கு வணிக மாளிகைகள் உண்டு. வண்டி நிறுத்தும் கட்டணமே பெருஞ்செல்வம். ஹார்ட்டில்பூலில் எவர் வந்து வண்டி நிறுத்துவார்? ஆகவே மத்திய அரசின் மானியம் என்பது தருமம் அன்று, பிச்சையும் அன்று. எந்த ஊரில் பிறந்தாலும் ஒரே தரமான பாதுகாப்பு என்ற கொள்கையின் விலை அது. அதை வெட்டுகிறவர், ஊரைப் பார்த்து, "உன் வறுமைக்கு நீயே வரி கட்டு" என்கிறார்.

மன்றங்கள் குற்றமற்றவை என்று வாதாட நான் வரவில்லை. 1988ஆம் ஆண்டு உள்ளாட்சி நிதிச் சட்டத்தில் 114ஆம் பிரிவு என்றொன்று உண்டு. வரவுக்குள் செலவை அடக்க முடியவில்லை என்று மன்றத்தின் நிதி அலுவலர் அறிவிக்கும் பிரிவு. (தலைவரியைப் பெற்றெடுத்ததும் இதே சட்டந்தான்!) 2018இல் நார்த்தாம்ப்டன்ஷயர், 2020இல் கிராய்டன், 2022இல் தரக், 2023இல் வோக்கிங் என்று வரிசையாக அறிவித்தன. தரக், வோக்கிங் ஆகியவை கடன் வாங்கிச் சூதாடிய கதைகள். சூரிய மின்நிலைய முதலீடு, வானளாவிய கட்டிடங்கள் என்று, ஊர் மன்றம் செய்யத்தகாத வாணிபத்தைச் செய்து வீழ்ந்தன. அந்தப் பழி அவர்களுடையதே. மானியம் வற்றியதால் வாணிபத்தில் இறங்கினோம் என்ற அவர்களின் விளக்கத்தில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை.

பர்மிங்காம் 2023 செப்டம்பரில் கைவிரித்தது. அந்த மன்றம் சமையல், துப்புரவு, பராமரிப்பு வேலை செய்த பெண்களுக்குப் பல்லாண்டுகள் ஆண்களைவிடக் குறைவாகக் கொடுத்து வந்தது. நீதிமன்றம் சென்று பெண்கள் வென்றனர். நிலுவை மலையாய் எழுந்தது. கணினித் திட்டம் ஒன்றும் பெருந்தோல்வியாய் முடிந்தது. இலண்டனிலிருந்து ஆணையர்கள் வந்திறங்கினர். 2024இல் வரம்பை மீறி வீட்டுவரியை ஏறத்தாழ 10 விழுக்காடு உயர்த்த இசைவும் வந்தது. ஏமாற்றப்பட்ட சமையற்காரப் பெண்ணுக்கு நிலுவை தருவதற்காக, அதே பெண்ணின் வீட்டுவரி ஏறிற்று!

இவ்வளவுக்குப் பிறகு மாளிகைகளின் பக்கம் கண் திரும்பாமலில்லை. 2025 நவம்பரில் ஓர் அறிவிப்பு: 20 இலட்சம் பவுண்டுக்கு மேல் விலைபெறும் வீடுகளுக்கு, 2028 ஏப்ரல் முதல், ஆண்டுக்கு 2,500 முதல் 7,500 பவுண்டு வரை கூடுதல் வரி. வரவேற்கத்தக்கதே. வசூலிக்கும் வேலை மன்றங்களுக்கு. பணம்? மத்திய அரசின் கருவூலத்துக்கு! ஏழை வீட்டு வரியைக் கேட்டுப் பழி சுமக்க ஊர் மன்றம். செல்வர் வீட்டு வரியை வாங்கிக்கொள்ள மத்திய அரசு.

எதிர்த்து நின்றவர் ஒருவரும் இல்லையா? இருந்தனர். நூறாண்டுக்கு முன், கிழக்கு இலண்டனில், பாப்லர் என்னும் வட்டாரத்தில்.

துறைமுகக் கூலிகள் வாழ்ந்த இடம் அது. 1919இல் தொழிற்கட்சி அந்த மன்றத்தைக் கைப்பற்றியது. ஜார்ஜ் லான்ஸ்பரி அதன் தலைவர்களுள் முதல்வர். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே குறைந்தபட்சக் கூலி, வாரம் 4 பவுண்டு என்று 1920இல் வகுத்தது அந்த மன்றம். பர்மிங்காமுக்கு ஒரு நூற்றாண்டு கழித்து நீதிமன்றம் கற்பித்த பாடத்தைக் கூலிகளின் மன்றம் அன்றே தானாகக் கற்றிருந்தது! (இதை நியாயமற்ற செலவு என்று 1925இல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் அடித்துவிட்டனர் என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.)

போர் முடிந்து வேலையில்லாத் திண்டாட்டம் வந்தது. அன்றைய சட்டப்படி, ஒரு வட்டாரத்து ஏழைகளை அந்த வட்டாரத்து வரியே காக்கவேண்டும். ஏழைகள் மிகுந்த பாப்லரில் வரி ஏறிற்று. ஏழைகளே இல்லாத மேற்கு இலண்டனில் இறங்கிற்று. போதாக்குறைக்கு இலண்டன் மாவட்ட மன்றத்துக்கும் காவல் துறைக்கும் மற்ற வாரியங்களுக்கும் பாப்லர் பங்கு கட்ட வேண்டும். 1921இல் மன்றத்தார் கூடி முடிவெடுத்தனர்: எங்கள் ஏழைகளுக்கு உணவளிக்கும் வரியை விதிப்போம், மேலிடத்துக்குக் கட்டும் வரியை விதிக்க மாட்டோம்!

வழக்கு வந்தது. 1921 ஜூலை 29 அன்று, மன்றத்தார் கொடியேந்தி, பின்னால் மக்கள் திரண்டு வர, பாப்லரிலிருந்து உயர்நீதிமன்றம் வரை நடந்தே சென்றனர். நீதிமன்றத்துக்கும், ஒருவேளை சிறைக்கும் செல்கிறோம் என்று கொடியிலேயே எழுதியிருந்தனர்! செப்டம்பரில் 30 பேர் சிறை புகுந்தனர். ஆண்கள் பிரிக்ஸ்டன் சிறையில், பெண்கள் ஹாலோவே சிறையில். நெல்லி கிரெசல் என்ற அம்மையார் நிறைகர்ப்பிணி. சிறைக்குள்ளே மன்றக் கூட்டம் நடத்துவோம் என்றனர். அரசு இணங்க வேண்டியதாயிற்று. ஹாலோவேயிலிருந்து பெண் உறுப்பினர்களை வண்டியில் ஏற்றிவந்து பிரிக்ஸ்டனில் கூட்டம் நடந்தது. சிறையதிகாரி வாயிற்காவலராக, ஊராட்சி சிறையறையில்! மற்ற வட்டாரங்களும் பாப்லர் வழியில் நடக்கத் தலைப்பட்டன. ஆறு வாரங்களில், அக்டோபரில், அரசு அவர்களை வெளியே விட்டது. அவ்வாண்டே சட்டம் வந்தது: இலண்டனின் ஏழைகளைக் காக்கும் செலவைச் செல்வ வட்டாரங்களும் சேர்ந்து சுமக்க வேண்டும் என்று. சிறைசென்ற மின்னி லான்ஸ்பரி, ஜார்ஜின் மருமகள், 1922 புத்தாண்டு நாளில் நுரையீரல் நோயால் இறந்தார். வயது 32.

இலண்டன் வீட்டுவரிக் கதை நமக்கெதற்கு என்பவர்களுக்கு ஒரு செய்தி. நம் சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கிற்று. தொடங்கியது மக்கள்மேல் கொண்ட அன்பினாலா? 1687இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இலண்டன் மேலிடம் சென்னைக்கு எழுதிய மடலில் காரணம் இருக்கிறது: நம் அதிகாரத்தால் ஆறு பென்னி கேட்டால் தர மறுப்பர், தமக்குத் தாமே விதித்துக்கொண்ட வரி என்று தோன்றினால் ஐந்து ஷில்லிங்கும் மனமுவந்து தருவர் என்பது அதன் கருத்து. ஆறு பென்னி எங்கே, ஐந்து ஷில்லிங் எங்கே! பத்து மடங்கு! கையை மறைத்துக் கையெழுத்தை மட்டும் காட்டும் வித்தை நம் மண்ணிலேதான் மடல் எழுதி அரங்கேறியது.

2022 ஏப்ரலில் தமிழ்நாட்டு நகரங்களில் சொத்துவரி ஏறியதே, நினைவிருக்கிறதா? பதினைந்தாவது நிதிக்குழு, நகர உள்ளாட்சிகளுக்கு ஒன்றிய அரசின் மானியம் வேண்டுமாயின் சொத்துவரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், மாநில உற்பத்தி வளரும் வேகத்தில் வரி வசூலும் வளர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. மாநில அரசு அதைக் காரணமாகக் காட்டிற்று. நகராட்சி சீட்டு அனுப்பிற்று. நிபந்தனை டெல்லியில், ஆணை கோட்டையில், வசவு வார்டு உறுப்பினருக்கு. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: சிறிய வீட்டுக்கு 25 விழுக்காடு, பெரிய வீட்டுக்கு 100, சென்னையின் மையப் பகுதியில் 150 வரை என்று அளவு பார்த்து ஏற்றினார்கள், 'எச்' வகுப்புக்குக் கூரை போட்ட இங்கிலாந்தைவிட அது நேர்மையான கணக்கு. ஆனால் டெல்லியை மட்டும் சாடிவிட்டு நாம் நழுவவும் முடியாது. 2016இல் நடக்கவேண்டிய நகர உள்ளாட்சித் தேர்தல் 2022 வரை நடக்கவில்லை. தேர்ந்தெடுத்த மன்றமே இல்லாத ஊரில், தமக்குத் தாமே விதித்துக்கொண்ட வரி என்று எவர் சொல்ல முடியும்?

படிப்பகத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் நகராட்சியின் வரவு செலவு அறிக்கை அச்சில் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். சொத்துவரி என்ற தலைப்புக்கு நேரே உள்ள தொகையையும் மானியங்கள் என்ற தலைப்புக்கு நேரே உள்ள தொகையையும் பத்தாண்டுகளுக்கு வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மன்றக் கூட்டத்தில் வரி உயர்வுத் தீர்மானம் வரும் நாளன்று, அந்தத் தாளோடு பார்வையாளர் வரிசையில் போய் உட்காருங்கள்.